டிக் என்று மட்டும் கேட்டால்: மறுநிரப்பிய ஷாட்கன் தோட்டா சுடாமல் போவது ஏன்?

துப்பாக்கி சுடாமல் போனால் நம் ஊரில் உடனே வரும் தீர்ப்பு, “மருந்து நமத்துப் போச்சு.” அமெரிக்காவில் ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிற ஆளைக் கேட்டால், “இந்தப் பெட்டி பிரைமர் மட்டம்” என்பார். (பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருந்து முதல் தீப்பொறி தரும் சிறு பொத்தான்.) இரண்டு தீர்ப்பிலும் ஒரு வசதி உண்டு. பழி கடையில் வாங்கிய பொருள் மேல் போய்விடும், நிரப்பிய கை தப்பித்துவிடும். ஆனால் மறுநிரப்பிய தோட்டா சொதப்பும்போது மருந்திலும் பிரைமரிலும் குற்றம் இருப்பது அபூர்வம். அவற்றை உள்ளே வைத்த விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘மிஸ்ஃபயர்’ என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு சங்கதிகளைப் போட்டுப் பேசுகிறார்கள். ‘டிக்’ என்று துப்பாக்கியின் ஊசி பிரைமரை அடித்துவிட்டு ஒன்றுமே நடக்காமல் இருப்பது ஒன்று. முதல் அடியில் சும்மா இருந்துவிட்டு இரண்டாவது அடியில் வெடிப்பது இன்னொன்று. அரைக்கணம் தாமதித்து வெடிப்பது வேறு. ‘புஸ்’ என்று சத்தம் வந்து ரவை, அதாவது தோட்டாவிலுள்ள சிறு ஈயக் குண்டுகள், கொஞ்ச தூரத்திலேயே கொட்டிவிடுவது முற்றிலும் வேறு. காரணங்களும் வேறு, ஆபத்தும் வேறு. எது நடந்தது என்று தெரியாமல் காரணம் தேடினால் நல்ல பிரைமர் பெட்டியைத்தான் தூக்கி எறிவோம்.

தோட்டா நிரப்பக் கற்றுக்கொடுக்கும் கட்டுரை இல்லை இது. எத்தனை மருந்து, எத்தனை ரவை என்ற கணக்கு இதில் வராது. தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது, அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதுதான் விஷயம்.

காலிக் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்கள் யார்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் ‘ட்ராப்’ போட்டியில் சுட்டதை ஞாபகம் வைத்திருப்பீர்கள். பறக்கும் தட்டை ஷாட்கன்னால் உடைக்கும் விளையாட்டு அது. களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, உண்மையில் அது தார் போன்ற கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது.

அமெரிக்காவில் இது ஊருக்கு ஊர் சங்கம் வைத்து நடத்தும் பொழுதுபோக்கு. ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு சுற்று ஆடினால் 100 தோட்டா தீர்ந்துவிடும். சுட்ட கூடு பிளாஸ்டிக், அடியில் உலோக மூடி; பார்த்தால் புதிது போலவே இருக்கும். அதைப் பொறுக்கி வந்து கார் ஷெட்டில் மேஜையோடு முடுக்கிய ஒரு கைப்பிரஸ்ஸில் மறுபடி நிரப்புவார்கள். விஸ்கான்சினில் உள்ள மேவில் எஞ்சினியரிங் செய்யும் ‘மெக்’ பிரஸ்தான் பல வீடுகளில் இருப்பது. 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ ஈய ரவை மூட்டை ஒன்றை வாங்கினால், தோட்டாவுக்கு வழக்கமான 32 கிராம் அளவில் ஏறக்குறைய 350 தோட்டா தேறும். ஈயம் விலை ஏறிய பிறகு 12 கேஜில் (கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் கூடக் கூடக் குழல் ஒல்லி) லாபம் குறைந்துவிட்டது. கடையில் விலை அதிகமான 28 கேஜ், .410 தோட்டாக்களைத்தான் இப்போது ஆசையாக நிரப்புகிறார்கள்.

இந்தியாவில் கதை வேறு. தோட்டா வைத்திருக்கவும் செய்யவும் ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டில் நிரப்புவது குற்றம்.

தோட்டாவுக்குள் இருப்பவை

பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் போவோம். உலோக மூடியின் நடுவில் பொத்தான் போலத் தெரிவது பிரைமர். அடி வாங்கினால் தீப்பொறி கக்கும் சிறு கிண்ணம் அது. ஷாட்கன்னில் உலகம் முழுக்க 209 என்ற எண்ணுள்ள வகைதான் புழக்கம். அதற்கு முன்னால் மருந்து, ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், ஒரு சிட்டிகைதான். அதற்கு முன்னால் வாட் எனப்படும் பிளாஸ்டிக் தக்கை. அடிப்புறம் குப்புறக் கவிழ்த்த கிண்ணமாகவும் மேல்புறம் ரவையைத் தாங்கும் கோப்பையாகவும் இருக்கும். கோப்பைக்குள் ரவை. எல்லாவற்றுக்கும் மேலே கூட்டின் வாயை நட்சத்திர வடிவில் ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடக்கி மூடியிருப்பார்கள். இதை மடிப்பு என்றே சொல்வோம்.

துப்பாக்கியின் பக்கம் ஒரு சொல் போதும்: ஊசி. விசையை அழுத்தினால் முன்னால் பாய்ந்து பிரைமரின் முதுகில் குத்தும் ஃபயரிங் பின்தான் அது.

பிரைமருக்குள்ளே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய உலோகத் தகட்டுக்கும் உள்ளே நிற்கும் பட்டடை என்ற கூரான துண்டுக்கும் நடுவே வெடிக்கலவை ஒட்டியிருக்கும். ஊசி தகட்டைக் குழித்து உள்ளே தள்ளும்போது கலவை பட்டடையோடு நசுங்கி வெடிக்கிறது. ஆக, பிரைமருக்கு வேண்டியது வேகமாக நசுக்கும் ஓர் அடி. மெதுவாக அழுத்தினால் அது பேசாமல் இருந்துவிடவும் கூடும்.

மருந்துக்கு நெருப்பு மட்டும் போதாது

“மருந்து நமத்துப் போச்சு” என்பது கரிமருந்துக் காலத்துப் பேச்சு. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த அந்தக் கலவை ஈரத்தை இழுக்கும், ஈரமானால் பற்றாது. நெருப்புப் பட்டால் திறந்த வெளியிலேயே ‘குபுக்’ என்று எரிந்துவிடும். இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான் இதன் அடிப்படை. 1884-ல் பிரான்சில் பால் வியேய் இதை முதன்முதலில் துப்பாக்கிக்கு உதவும்படி செய்தார். சாதாரண காற்று ஈரத்தில் இது எளிதில் செத்துப்போவதில்லை. ஆனால் கரிமருந்துக்கு இல்லாத ஒரு பிடிவாதம் இதற்கு உண்டு. வெளியில் கொட்டிப் பற்ற வைத்தால் மஞ்சள் சுவாலையோடு சாவகாசமாக எரியும், வெடிக்காது. சுற்றிலும் அழுத்தம் ஏற ஏறத்தான் வேகமாக எரியும். அழுத்தத்துக்கும் எரியும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை விதியாக எழுதியவரும் அதே வியேய்தான்.

குக்கரை நினைத்துப் பாருங்கள். அடுப்பு பிரமாதமாக எரிகிறது, தண்ணீர் சரியாக இருக்கிறது, ஆனால் கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி சீறுகிறது. விசில் வராது, பருப்பும் வேகாது. அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டாவில் அடுப்பு பிரைமர். கேஸ்கெட் வாட்டின் அடிக்கிண்ணம். மேலே உட்காரும் வெயிட் அந்த நட்சத்திர மடிப்பு. ரவையின் பாரமும் வெயிட்டோடு சேர்ந்துகொள்ளும்.

ஒப்புமை இதோடு நின்றுவிடும், ஏனென்றால் குக்கரில் சூடு வெளியிலிருந்து வருகிறது. தோட்டாவில் மருந்தே எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏறிய அழுத்தம் மிச்ச மருந்தை இன்னும் வேகமாக எரிக்கிறது. தானே தன்னை முடுக்கிக்கொள்ளும் இந்த ஓட்டம் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் முடிந்துவிடும். அளவு வித்தியாசமும் பெரிது: குக்கர் வேலை செய்வது சுமார் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில், இரண்டே முக்கால் அங்குல 12 கேஜ் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறை அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு 11,500 பிஎஸ்ஐ. முதல் கணத்தில் மடிப்பு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்காவிட்டால், வாட்டின் ஓரம் வாயுவை விட்டுவிட்டால், அந்த ஓட்டம் சூடு பிடிக்கும் முன்பே ரவையும் வாட்டும் நகர்ந்து இடம் பெருகிவிடும். அழுத்தம் சரியும். மருந்து பாதி எரிந்து அவிந்துபோகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஊசி பிரைமரை நசுக்க வேண்டும், பிரைமர் மருந்தைப் பற்றவைக்க வேண்டும், வாட்டும் மடிப்பும் அழுத்தத்தை விடாமல் பிடிக்க வேண்டும். இந்த மூன்று கண்ணியில் எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் மீதி வேலை.

காரணம் தேடும் முன்: கையில் இருப்பது என்ன?

விசையை அழுத்தி வெடிக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது எதுவுமே செய்யாமல் இருப்பது. குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 நொடி நிற்க வேண்டும். ஹேங்ஃபயர் என்று ஒன்று இருக்கிறது. பிரைமர் வெடித்து, மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து, தாமதமாகத் தீப்பிடிப்பது. இன்றைய பொருட்களில் இது அபூர்வம், தாமதமும் பெரும்பாலும் நொடிக்கும் குறைவுதான். ஆனால் துப்பாக்கியைத் திறந்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும் வேளையில் அது நடந்தால் அபூர்வம் என்பது ஆறுதல் தராது.

இதைவிட மோசமானது ‘புஸ்’. ட்ராப் சங்கங்களில் இதை ப்ளூப்பர் என்பார்கள். வாட்டே குழலைவிட்டு வெளியே வராத அளவுக்குப் பலவீனமானால் ஸ்க்விப். அழுத்தம் சேராமல் ரவை முன்னால் கொட்டிவிடும், வாட் குழலின் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுட்டவருக்கு, “ஏதோ மெதுவா வெடிச்சுது, தட்டு தப்பிடுச்சு” என்றுதான் படும். அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்திருக்கும் வாட்டில் போய் மோதி அந்த இடத்தில் குழல் வீங்கும், அல்லது கிழியும். இடது கை குழலின் கீழே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சத்தத்திலோ உதைப்பிலோ கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அனுபவசாலிகள் பையில் ஒரு பித்தளைக் கம்பி வைத்திருப்பதே மாட்டிய வாட்டைத் தட்டி எடுக்கத்தான்.

மூன்றாவது சங்கதி மிஸ்ஃபயரே இல்லை, ஆனால் அதே வேஷத்தில் வரும். 12 கேஜ் துப்பாக்கியில் தவறுதலாக 20 கேஜ் தோட்டா போய்விட்டால் அது தோட்டா உட்காரும் அறையில் நிற்காமல் வழுக்கி முன்னால் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ‘டிக்’. திறந்து பார்த்தால் அறை காலி. போடவே மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 கேஜ் ஒன்றைப் போட்டுச் சுட்டால் முன்னால் இருக்கும் முழுத் தோட்டாவும் சேர்ந்து வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மட்டும் மஞ்சள் நிறம் என்று அமெரிக்கத் தொழிற்சாலைகள் வழக்கம் வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டில் நிரப்புகிறவர் இரண்டு கேஜையும் ஒரே மேஜையில் பரப்பினால் அந்த வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

சுருக்கமாக, டிக் என்றால் காத்திரு, புஸ் என்றால் குழலைப் பார். காரணம் பிறகு.

‘டிக்’: பிரைமரின் முதுகு சொல்லும் கதை

வெடிக்காத தோட்டாவை வெளியே எடுத்ததும் பிரைமரின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஆழமான, வழுவழுப்பான குழி இருந்தால் ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது. லேசான பொட்டு மட்டும் இருந்தால் அடி முழுதாக விழவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் ஊசி தொடவே இல்லை.

லேசான குழி என்றதும் எல்லோரும் துப்பாக்கியின் ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் சந்தேகிப்பது, பிரைமர் கூட்டுக்குள் முழுதாக உட்காராமல் மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை. நின்றால் என்ன ஆகும்? ஊசி குத்தும்போது அந்த அடி தகட்டை நசுக்குவதில் செலவாகாமல் பிரைமரையே முன்னால் தள்ளுவதில் செலவாகிவிடும். பிரைமர் இப்போது அடிவரை போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி சுட்டால் வெடித்துவிடும். “ரெண்டாவது அடியில வெடிக்குது, அப்ப ஸ்பிரிங் வீக்” என்று முடிவு கட்டுவார்கள். முதல் அடி பிரைமரை உட்கார வைத்தது, இரண்டாவது அடி சுட்டது. ஸ்பிரிங் பாவம், இரண்டு வேலை பார்த்திருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். நிரப்பிய தோட்டாவைக் கண்ணாடி போன்ற சமமான பரப்பில் நிறுத்தினால் தூக்கிய பிரைமர் உள்ளது லேசாக ஆடும். கட்டைவிரல் நுனியை அடிப்பாகத்தின் மேல் இழுத்தாலும் தட்டுப்படும். பிரஸ்ஸின் கைப்பிடியைக் கடைசிவரை இழுக்காமல் விட்டது, பிரைமர் உட்காரும் குழியில் பழைய கரி படிந்திருப்பது, கூட்டின் அடிக்கட்டை உள்ளே பிதுங்கியிருப்பது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். தானியங்கித் துப்பாக்கியில் தூக்கிய பிரைமர் வெறும் தொந்தரவு மட்டுமில்லை. துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் வேகமாக மூடும்போது அந்த மோதலிலேயே வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நேர் எதிரான தவறும் இருக்கிறது. “நல்லா உட்காரட்டும்” என்று பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் பிரைமர் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஊசி வெளியே நீளும் தூரம் அளவானது. எட்டாவிட்டால் பொட்டு மட்டும்தான் விழும். பிரைமர் தோட்டாவின் அடிமட்டத்தோடு சமமாக, விரலுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு உள்ளே இருப்பதுதான் சரி.

அப்புறம் தளர்ந்த குழி. ஒரே கூட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டால் பிரைமர் குழி பெருத்துவிடும். எல்லா 209-ம் நூலிழை பிசகாத ஒரே அளவு இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. சில ஐரோப்பியத் தயாரிப்புகள் அமெரிக்கத் தயாரிப்புகளைவிடக் கொஞ்சம் தடிமன். தடித்ததை ஒரு தடவை போட்டுவிட்டு அடுத்த தடவை மெலிந்ததைப் போட்டால், விரலால் தள்ளினாலே உள்ளே போகும். அப்படிப் போகிற கூடு குப்பைக்கு. அதை வைத்துக்கொண்டு பரிசோதனை வேண்டாம்.

குழி ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா? இப்போதுதான் பிரைமரைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. அப்போதும் பெரும்பாலும் குற்றவாளி எண்ணெய் அல்லது தண்ணீர். பிரஸ்ஸுக்கு எண்ணெய் போட்ட விரலோடு பிரைமர்களை அள்ளுவது, துரு நீக்கும் ஸ்ப்ரேயை மேஜையில் அடிப்பது, பனிப்புல்லில் பொறுக்கிய கூட்டைக் கழுவிவிட்டு அரைகுறையாகக் காயவைப்பது. ‘நமத்துப் போச்சு’ என்பதில் உண்மை இருக்கும் ஒரே இடம் இதுதான். அதுவும் நமத்தது மருந்து இல்லை, பிரைமர்.

‘புஸ்’: அழுத்தம் எங்கே ஒழுகியது?

இங்கே பிரைமர் வெடித்துவிட்டது. அதைத் திட்டுவதை இனி நிறுத்தலாம். குழலுக்குள் பார்த்தால், எரியாத மருந்துச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, அல்லது வெறும் கரிப்படலமா என்பது முதல் துப்பு.

செதிலே இல்லை என்றால் பெரும்பாலும் மருந்தே விழவில்லை. பிரைமர் தனியாகவே வாட்டைக் குழலுக்குள் தள்ளிவிடும் அளவுக்குப் பலமுள்ளது, ஆனால் வெளியே தள்ளப் போதாது. மருந்து விழாததற்குக் காரணம் அனேகமாக எப்போதும் கவனம் சிதறியதுதான்: மருந்துப் புட்டி காலியானதைப் பார்க்காமல் கைப்பிடியை இழுத்தது, மருந்தை அளந்து விடும் பட்டையை நகர்த்த மறந்தது, நடுவில் தொலைபேசி வந்தது. இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. செதில் வடிவ மருந்து ஒல்லியான குழாயில் இறங்கும்போது ஒன்றோடொன்று சிக்கிப் பாலம் போட்டு நின்றுவிடும். ஒரு தோட்டாவுக்குக் கால்வாசிதான் விழும். அடுத்த இழுப்பில் அந்தப் பாலம் உடைந்து, மிச்சமும் புது அளவும் சேர்ந்து அடுத்த தோட்டாவில் விழும். ஒரு புஸ் வந்தால் அதே பெட்டியில் அளவுக்கு மீறிய ஒன்றும் இருக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பெட்டியையே ஒதுக்கி வைப்பது நல்லது.

“நிரப்பிய தோட்டாவை எடை போட்டால் தெரிந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். தெரியாது. மருந்து மொத்தமே ஒரு கிராம் சொச்சம். 32 கிராம் ரவை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக் குறைய விழும், கூட்டின் எடையும் மாறும். அந்த ஏற்ற இறக்கமே மருந்தின் எடையை விழுங்கிவிடும். வாட்டை வைக்கும் முன் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் வழி.

குழலில் எரியாத செதில் நிறைய இருந்தால் மருந்து விழுந்தது, பற்றியது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் பார்க்க வேண்டிய நேரம்.

வாட்டில் அதிகம் நடக்கும் தவறு கூட்டுக்குப் பொருந்தாத வாட். வெளியே ஒன்று போலத் தெரியும் கூடுகள் உள்ளே இரண்டு ஜாதி. சில, அடியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். சிலவற்றின் சுவர் நேராக இருக்கும். குறுகும் கூட்டுக்கென்று செய்த வாட்டின் கிண்ணம் கொஞ்சம் சிறிது. அதை நேர்ச்சுவர்க் கூட்டில் போட்டால் சுற்றிலும் இடைவெளி. தோட்டா பையில் குலுங்கும்போது மருந்து அந்த இடைவெளி வழியாக மேலே ஏறிக்கொள்ளும். சுடும்போது வாயு அதே வழியில் தப்பிக்கும். இன்னொன்று, வாட்டைச் செருகும்போது கூட்டின் வாயில் கிண்ணத்தின் ஓரம் மடங்கிக் கிழிவது. சுட்ட பிறகு தரையில் கிடக்கும் வாட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் கருகி உருகியிருந்தால் வாயு அந்தப் பக்கமாகத்தான் ஒழுகியிருக்கிறது.

மடிப்பில் பார்க்க வேண்டியது நடுப்புள்ளி. எல்லா மடிப்பும் ஒரு புள்ளியில் சேர்ந்து இறுக்கமாக, கூட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இறங்கி இருந்தால் சரி. நடுவில் ரவை தெரியும் ஓட்டை இருந்தால், அல்லது கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினால், பிடிப்பு இல்லை. உள்ளே அடுக்கின் உயரம் குறைந்தால் மடிப்பு குழிந்து போகும். அதிகமானால் மூடவே மூடாது. பலமுறை சுட்ட கூட்டின் வாய் மென்மையாகி மடிப்புக் கோடுகளில் விரிசல் விட்டிருக்கும். அது எவ்வளவு அழகாக மடிந்தாலும் இறுகாது.

குளிரும் இதில் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மென்மையான தோட்டா, அதாவது குறைந்த அழுத்தத்துக்கென்று நிரப்பியது, கோடையில் ஒழுங்காகச் சுடும். உறைபனிக் காலையில் புஸ்வாணமாகிவிடும். மருந்து குளிர்ந்திருந்தால் பற்றும் வேகம் குறையும், பலம் குறைந்த பிரைமரோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் மருந்துக் கம்பெனிகள் வெளியிடும் அட்டவணையில் மருந்தின் பெயர் மட்டும் இருக்காது. எந்தக் கூடு, எந்தப் பிரைமர், எந்த வாட், எவ்வளவு ரவை என்று முழுச் சேர்க்கையாகவே சோதித்துப் போடுகிறார்கள். “பிரைமர் எல்லாம் ஒண்ணுதான்” என்று ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் கீழேயும் போகலாம், வரம்பைத் தாண்டி மேலேயும் போகலாம். புஸ் வருகிறது என்பதற்காகத் தன்னிஷ்டத்துக்கு மருந்தைக் கூட்டுவதும் இதே ரகம். ஒழுகும் கேஸ்கெட்டுக்கு அடுப்பை ஏற்றுவது மருந்தல்ல.

ஆக, டிக் என்றால் பெரும்பாலும் பிரைமர் உட்கார்ந்த விதம். புஸ் என்றால் மருந்து விழுந்ததா, வாட் அடைத்ததா, மடிப்பு பிடித்ததா என்ற மூன்று கேள்வி.

துப்பாக்கி மேலும் ஒரு கண்

துப்பாக்கியை முழுசாக விட்டுவிடவும் முடியாது. தேய்ந்த ஊசி, சோர்ந்த ஸ்பிரிங், ஊசி ஓடும் துளையில் இறுகிப்போன பழைய எண்ணெய் எல்லாம் அடியை மட்டுப்படுத்தும். குளிரில் அந்த எண்ணெய் மெழுகு மாதிரி ஆகிவிடும். கூட்டின் உலோக மூடியைப் பிரஸ் சரியாக இறுக்கிச் சுருக்காவிட்டால் தோட்டா அறையில் முழுதாக இறங்காது. துப்பாக்கி மூடியது போலத் தெரிந்தாலும் ஒரு நூல் திறந்திருக்கும், ஊசியின் அடி அந்த இடைவெளியில் வீணாகும். இது துப்பாக்கி நோய் போலத் தோன்றும் தோட்டா நோய்.

இரண்டையும் பிரிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கடையில் வாங்கிய புதுத் தோட்டாவை அதே துப்பாக்கியில் சுடுங்கள். சொந்தமாக நிரப்பியதை நண்பரின் துப்பாக்கியில் சுடச் சொல்லுங்கள். புதுசும் டிக் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகட்டும். நண்பரின் துப்பாக்கியிலும் உங்களுடையது டிக் என்றால் பிரஸ்ஸுக்குத் திரும்புங்கள். இரட்டைக் குழலாக இருந்தால் வேலை இன்னும் சுலபம்: ஒரு குழலில் மட்டும் திரும்பத் திரும்பச் சொதப்பினால் அந்தக் குழலின் ஊசியைப் பார்த்தால் போதும்.

சொதப்பிய தோட்டாவை என்ன செய்வது?

காத்திருந்து எடுத்த தோட்டாவைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, வீட்டில் மடிப்பைக் கத்தரித்து ரவையையும் மருந்தையும் தனித்தனியாகக் கொட்டிப் பார்க்கலாம். மருந்து சுத்தமாக, உதிரியாக இருந்தால் பிரைமர் வெடிக்கவில்லை. கருகிக் கட்டியாக இருந்தால் பிரைமர் வெடித்திருக்கிறது, பற்றவைக்க முடியாமல் அடங்கியிருக்கிறது. அப்படி எடுத்த மருந்தைத் திரும்பப் புட்டியில் கொட்டுவது கூடாது.

வெடிக்காத பிரைமர் இருக்கும் கூட்டைப் பிரஸ்ஸில் வைத்துத் தட்டி எடுக்கப் பார்ப்பதுதான் பெரிய வம்பு. பிரைமர் டப்பா பக்கத்திலேயே இருக்கும், கண் அதற்கு நேர் மேலே இருக்கும். சங்கத்துக்கே கொண்டுபோய், குழலைத் திடல் பக்கம் நீட்டி, மருந்தும் ரவையும் இல்லாத அந்த வெற்றுக் கூட்டைச் சுட்டுவிடுவது மேல். பிரைமர் மட்டும் தனியாக வெடித்தால் எப்படிக் கேட்கும் என்பதும் அப்போது காதுக்குப் பழகிவிடும். போட்டிக்கு நடுவில் அந்தச் சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாமல் கை தானாக நிற்கும்.